ஓட்டம் நின்ற பிறகு வரும் குளிர்

இமாசலத்தின் பர்மௌரில், பனியில் பிறந்த நாயும் கரிசலில் பிறந்த நாயும் ஒரே குளிரைச் சந்திக்கின்றன

சம்பாவிலிருந்து பர்மௌருக்குப் போகும் சாலை ராவி நதியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே செல்கிறது. காராமுக் என்ற இடத்தில் நதியை விட்டு, புதில் ஆற்றை ஒட்டி மேலே ஏற வேண்டும். மொத்தத் தொலைவு அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் நவம்பர் மூன்றாம் வாரத்தில் இந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பதைப் பேருந்து ஓட்டுநர் தீர்மானிப்பதில்லை. ஆடுகள் தீர்மானிக்கின்றன.

வழியில் இரண்டு முறை பேருந்து நின்றது. இரண்டு முறையும் எதிரே சாலை முழுக்க ஆடுகள். கோடையில் லாஹௌல் பக்கத்துப் புல்வெளிகளில் மேய்ந்து, 16,000 அடிக்கும் மேல் உயரமான குக்தி போன்ற கணவாய்களைக் கடந்து திரும்பிய மந்தைகள் அவை. இனி காங்ராவின் தாழ்ந்த மலைகளுக்கும் பஞ்சாப் எல்லைக்கும் இறங்கிப் போகும். மந்தையை ஓட்டிச் செல்பவர்கள் கத்தீ இனத்து இடையர்கள். முழங்காலைத் தொடும் கம்பளி அங்கி, அதன் பெயர் சோளா. இடுப்பில் பல சுற்றுகளாக டோரா என்னும் கம்பளிக் கயிறு. அங்கியின் மடிப்புக்குள்ளிருந்து சில நாட்கள் வயதுள்ள ஆட்டுக்குட்டி ஒன்று தலையை நீட்டிப் பேருந்தைப் பார்த்தது.

மந்தைக்கு முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக நாய்கள். கறுப்பு நிறம், நெஞ்சில் வெள்ளைத் திட்டு, கனத்த தலை, அடர்ந்த ரோமம். ஒன்றின் கழுத்தில் வெளிப்புறம் முட்கள் நீட்டிய இரும்புப் பட்டை. சிறுத்தை முதலில் கழுத்தைத்தான் கவ்வும் என்பதால் இந்த ஏற்பாடு. பேருந்தின் ஹாரனை அந்த நாய் சட்டை செய்யவில்லை. கடைசி ஆடு ஒதுங்கிய பிறகே அதுவும் ஒதுங்கியது.

இந்த நாய்களைப் பார்க்கத்தான் பர்மௌர் வந்தேன். ஆனால் அங்கே என்னை வரவேற்றது ஒரு சிப்பிப்பாறை நாய்.

பர்மௌர் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் சிற்றூர். சம்பா அரச வம்சத்தின் பழைய தலைநகர். சௌராசி என்று அழைக்கப்படும் கோயில் முற்றத்தில் ஓங்கிய தேவதாரு மரங்கள், மரவேலைப்பாடு மிக்க லட்சணா தேவி கோயில், ஆளுயர உலோக நந்தி. மேருவர்மன் என்ற அரசன் காலத்தவை என்கிறார்கள். ஊரைச் சுற்றி மக்காச்சோளக் கொல்லைகளும் ஆப்பிள் தோட்டங்களும். மேலே பார்த்தால் ஏற்கெனவே வெள்ளையாகிவிட்ட சிகரங்கள்.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரரான ஓர் இளம் பொறியாளர் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு நீர்மின் திட்டத்தில் வேலை பார்க்கிறார். ஊரிலிருந்து அவர் மனைவியோடு வந்தது ஒரு பெட்டை நாய். பெயர் செவலை, நிறமும் அதுவே. ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், தோலோடு தோலாகப் படிந்த ரோமம். முயல் வேட்டைக்கென்றே தென் மாவட்டங்களில் வளர்த்தெடுத்த இனம். நான் போனபோது அது கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. இடது காதின் நுனியில் சுண்டு விரல் நகமளவு காணவில்லை.

"போன ஜனவரியில போயிடுச்சு சார்" என்றார் பொறியாளர். "காது மட்டும் போச்சேன்னு சந்தோஷப்பட்டுக்கிறோம்."

கதையை அவர் சொன்னார். இடையிடையே திருத்தியது அவர் மனைவி. அன்று மாலை நாலரை மணி. முந்தின நாள் பெய்த பனி முழங்கால் அளவு கிடந்தது. சங்கிலியோடு நடக்கப் போன செவலை, புதரிலிருந்து விர்ரென்று எழும்பிய ஏதோ ஒரு பறவையைப் பார்த்தது. அவ்வளவுதான். சங்கிலி கையில் இல்லை, நாய் கண்ணில் இல்லை. சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ப்பக்கக் காட்டுக்குள் போய்விட்டது.

"ஓடத் தெரிஞ்ச நாய், வந்திரும்னு நெனச்சேன்" என்றார் அவர். "எங்கப்பா காலத்துல வேட்டைக்குப் போன நாய் ராத்திரி எந்நேரமானாலும் வீடு வந்து சேர்ந்திரும்."

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதில் வந்த திருத்தமும் வேட்டை என்ற பழைய பொழுதுபோக்குக்கு முடிவு கட்டிவிட்டன. ஆனால் சட்டம் நாயின் இரத்தத்தில் ஓடும் பழக்கத்தை என்ன செய்ய முடியும்? காவல் நாய் எல்லையோடு நின்றுவிடும். வேட்டை நாய் துரத்த ஆரம்பித்தால் களைப்பு தெரியாது, பசி தெரியாது, காலில் பனிக்கட்டி ஒட்டுவதும் தெரியாது. மற்ற நாய்களைவிடக் குளிர் அதற்கு அதிக ஆபத்தாவது இந்தக் காரணத்தால்தான்.

இரவு ஏழரை மணிக்கு, பக்கத்து ஊர்க் கிழவர் ஒருவர் லாந்தர் விளக்கோடும் தன் கறுப்பு நாயோடும் தேட வந்தார். நாற்பது வருடம் மந்தையோடு நடந்தவர். முழங்கால் வலியால் இப்போது ஊரோடு தங்கிவிட்டார், மந்தை மகன் பொறுப்பில். செவலையைக் கண்டுபிடித்தது அவருடைய நாய்தான். ஒரு தேவதாருவின் அடியில், வாலால் மூக்கை மூடிச் சுருண்டு கிடந்தது. வயிறும் கால்களும் ஓடைத் தண்ணீரில் நனைந்து ரோமம் விறைத்திருந்தது.

"நடுங்கவே இல்லை சார். அப்பாடா, ரொம்பக் குளிரலை போலன்னு நான் நெனச்சேன். சாச்சா மூஞ்சியைப் பார்த்ததும்தான் பயம் வந்தது."

கிழவர் தன் சோளாவைக் கழற்றி நாயைச் சுற்றினார். உலுக்காமல், படுத்த வாக்கிலேயே தூக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பொறியாளர் நாயைக் கணப்பின் அருகே கிடத்தப் போனார். கிழவர் தடுத்துவிட்டார். அறையின் மறுமூலையில் உலர்ந்த புல்லைப் பரப்பி, ஈரத்தை ஒற்றி எடுத்து, கம்பளிப் போர்வையைச் சுற்றினார். இங்கே அந்தப் போர்வையின் பெயர் 'பட்டு'. பெயர்தான் பட்டு, தொட்டால் முரட்டுக் கம்பளி. பிறகு தன் கறுப்பு நாயைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்கச் சொன்னார். அது செவலையின் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துக்கொண்டது. காதுகள் மரத்துப்போய் வெளுத்திருந்தன. கடுகு எண்ணெய் தொட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டே கிழவர் உட்கார்ந்திருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துச் செவலை நடுங்க ஆரம்பித்தது. உடம்பே உதறுகிற நடுக்கம். வீட்டுக்காரம்மா அழுதுவிட்டார். கிழவர் சிரித்தார். "இனிப் பயமில்லை, பேட்டி" என்றார்.

இந்த நடுக்கத்தின் கணக்கைப் பிறகு சம்பாவில் ஒரு கால்நடை மருத்துவர் எனக்கு விளக்கினார். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3லிருந்து 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நம்மைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் அதிகம். அது 35க்குக் கீழே இறங்கும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது. ஆரம்பத்தில் தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கப் பார்க்கும். 32க்கும் கீழே போனால் நடுங்குவதற்கும் உடம்பில் தெம்பிருக்காது. எனவே குளிரில் கிடந்த நாய் நடுங்காமல் இருப்பது நல்ல அறிகுறியல்ல, மோசமான அறிகுறி. கணப்பருகே போடக் கூடாது என்றதும் சரியே. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் நாய் நகராது. நடுவுடம்பை மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். தலையைத் தூக்கி, தானாக விழுங்கும் நிலை வந்த பிறகே ஏதும் புகட்ட வேண்டும். அன்று செவலைக்குக் கிடைத்தது வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான ஆட்டுப்பால், கொஞ்சம் கொஞ்சமாக. நெடுநேரம் ஓடிய வேட்டை நாயின் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று குறைந்துவிடுவதுண்டு. குளிரோடு அதுவும் சேர்ந்தால் நாய் எழுந்திருக்காது.

"கிழவர் செய்ததில் ஒன்றே ஒன்று தப்பு" என்றார் மருத்துவர். "காதைத் தேய்த்தது."

உறைந்த தோலுக்குள் நுண்ணிய பனித்துகள்கள் இருக்கும். தேய்த்தால் அவை உள்ளே கிழிக்கும். சுமார் 40 டிகிரிச் சூட்டில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மெதுவாக ஒத்தி எடுப்பதே முறை. அதுவும் மறுபடி குளிரில் போக வேண்டியிருக்காது என்றால் மட்டும். ஒருமுறை இளகியது திரும்பவும் உறைந்தால் சேதம் இரட்டிப்பு. காது நுனி, வால் நுனி, பாதம், விதைப்பை ஆகிய இடங்களைத்தான் உறைபனி முதலில் தாக்குகிறது. உயிர் காக்க உடம்பு தன் இரத்தத்தை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும்போது ஓரங்கள் கைவிடப்படுகின்றன.

அப்படியென்றால் கத்தீ நாய்க்கு மட்டும் குளிர் ஏன் உறைப்பதில்லை? மறுநாள் காலை கிழவரின் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். கல்லும் மரமும் அடுக்கிய வீடு, கூரையில் கற்பலகைகள். கீழ்த்தளம் கால்நடைகளுக்கு, மேல்தளம் மனிதர்களுக்கு.

"யார் சொன்னது உறைக்காதென்று?" என்று திருப்பிக் கேட்டார். கறுப்பு நாயின் கழுத்து ரோமத்தை விரலால் பிரித்துக் காட்டினார். மேலே முரட்டு முடி. அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல இன்னொரு அடுக்கு. கோடையில் இந்தப் பஞ்சு உதிர்ந்துவிடும், ஐப்பசி குளிருக்குள் மீண்டும் வளர்ந்துவிடும். மேல்முடி பனியைத் தடுக்க, அடிமுடி காற்றைச் சிறைபிடித்து வைக்கிறது. அந்தச் சிறைபிடித்த காற்றுதான் உண்மையான போர்வை. ரோமம் நனைந்துவிட்டால் அந்தக் காற்று போய்விடும். பிறகு கத்தீ நாய் என்ன, எந்த நாயும் ஒன்றுதான்.

பாதத்துக்கும் ஒரு தந்திரம் உண்டு. பாதத்துக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும் அங்கிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தக் குழாய்களும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. இறங்கும் இரத்தம் தன் சூட்டை ஏறும் இரத்தத்துக்குக் கொடுத்துவிடுவதால் பனியில் நின்றும் உடம்புச் சூடு வீணாவதில்லை. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை நாயின் பாதத்தில் கண்டு எழுதினார்கள். பனி தேசத்து நாய்க்கு மட்டுமல்ல, நாயின் பாதத்துக்கே உள்ள பொது ஏற்பாடாக இது கருதப்படுகிறது. ஆக, செவலையின் பாதமும் அவ்வளவு மோசமில்லை. அதற்கு இல்லாதது அடிமுடியும், தோலுக்கடியில் கொழுப்பும்.

"ஓடுகிற நாயைக் குளிர் தொடாது, பாபுஜி" என்றார் கிழவர். "நின்ற நாயைத்தான் பிடிக்கும். அதனால் நாங்கள் கவனிப்பது நாய் நின்ற பிறகுதான்."

மந்தை தங்கும் இடத்தில் அவர்கள் செய்பவை எளியவை. முதலில் நாயின் நான்கு கால்களையும் பார்ப்பார்கள். விரல்களுக்கிடையே முடியில் பனி உருண்டு கல்லாகியிருக்கும். அதைப் பிடுங்காமல் உள்ளங்கைச் சூட்டில் கரைத்து எடுப்பார்கள். கிளம்புமுன் நெய்யோ எண்ணெயோ தடவினால் பனி அவ்வளவாக ஒட்டாது. அடுத்தது வயிறு. ஈரம் இருந்தால் துடைப்பார்கள். பிறகு தீனி: மக்காச்சோள ரொட்டி, மோர், ஆட்டுப்பால். குளிர் ஏற ஏற ரொட்டியின் எண்ணிக்கையும் ஏறும். அலாஸ்காவின் நெடும் பந்தயங்களில் சறுக்குவண்டி இழுக்கும் நாய் ஒன்று நாளைக்கு 10,000 கிலோ கலோரி வரை செலவழிக்கிறது என்பதை அறிந்தால் கிழவரின் ரொட்டிக் கணக்கு வியப்பளிக்காது. தண்ணீரும் வேண்டும். பனியைத் தின்று தாகம் தீர்க்கும் நாய், அதை உருக்கத் தன் உடம்புச் சூட்டையே செலவழிக்கிறது.

படுக்கை என்று எதுவும் இல்லை. ஆடுகளுக்கு நடுவில் படுத்துக்கொள்ளும். 2018 செப்டம்பரில் லாஹௌலில் பருவம் தவறிப் பெருமளவு பனி பெய்தபோது அவருடைய மகன் மந்தையோடு மேலே மாட்டிக்கொண்டார். "ஆடுகள் நாயைக் காப்பாற்றின. சாதாரணமாக நாய் ஆட்டைக் காப்பாற்றும். அந்த மூன்று ராத்திரி கணக்குத் தலைகீழ்" என்கிறார் கிழவர்.

அவரிடம் இன்னொரு கணக்கும் உண்டு. மந்தை மேலே போனால் நாயும் மேலே போகும், குளிர் வந்தால் நாயும் இறங்கும். இந்த நாய்கள் தலைமுறை தலைமுறையாகக் கடுங்குளிரை எதிர்த்து நின்று பிழைத்தவை அல்ல. கடுங்குளிருக்கு முன்னால் கீழே இறங்கிப் பிழைத்தவை. அவற்றின் மிகப் பெரிய பாதுகாப்பு, ரோமத்தைவிட, அந்த இடப்பெயர்ச்சிதான். இன்று மந்தையோடு நடக்க இளைஞர்கள் முன்வருவது குறைந்துவிட்டது என்பது பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்லும் குறை. ஆடுகளை விற்றுவிட்ட வீடுகளில் நாய் குளிர்காலம் முழுக்க ஊரிலேயே, பலசமயம் வாசலில் கட்டப்பட்டுக் கிடக்கிறது. கட்டப்பட்ட நாய் ஓடிச் சூடேற்றிக்கொள்ள முடியாது. பனிக்காலத்தில் ஊரை ஒட்டி இறங்கும் சிறுத்தைக்கும் அது எளிதான இரை.

மறுபுறம், மலை நாய்களுக்குப் பெயர் கூடிவருகிறது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் உள்நாட்டு இனங்களாக ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, முதோல் ஆகியவற்றோடு இமாசல நாயும் குறிப்பிடப்பட்டது. 2025இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு கத்தீ நாயைத் தனி இனமாகப் பதிவு செய்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் நாய்களுக்கு அடுத்து இந்த மதிப்பைப் பெற்ற இனம் அது. நல்லதுதான். ஆனால் புகழ் வந்தால் குட்டிகள் ஊர் மாறும். தென்னாட்டு நாய் பனிமலைக்கு வருவது போலவே, இரட்டை ரோமமுள்ள மலை நாய் 45 டிகிரி வெயிலடிக்கும் சமவெளிக்கும் போகும். 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு பனிக்காலத்திலும் கார்கள் லாஹௌலை எட்டுகின்றன. அவற்றின் பின்னிருக்கையில் நகரத்து நாய்கள் வருவதும் புதுமையில்லை.

இடம் மாறிய நாய்க்கு அதன் உடம்பில் இல்லாததை வளர்ப்பவர் ஈடுகட்ட வேண்டும். பொறியாளர் இப்போது அதைச் செய்கிறார். குடியிருப்பின் சிமெண்டுத் தரை சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், தரையிலிருந்து அரை அடி உயர்த்தி ஒரு மரப்பெட்டி செய்திருக்கிறார். பெட்டி சிறியது. பெரிதாயிருந்தால் நாயின் உடம்புச் சூடு அதை நிரப்பாது. வாசல் காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம், அதில் சாக்குத் திரை. உள்ளே பழந்துணி இல்லை, உலர்ந்த புல். துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புல் வடியவிடும். புல்லை வாரம் ஒருமுறை மாற்றுகிறார். இரவில் பெட்டி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கரி அடுப்பு மட்டும் மூடிய அறையில் கிடையாது. அதன் நச்சுப் புகை நாயை மட்டுமல்ல, மனிதரையும் தூக்கத்திலேயே கொன்றுவிடும். வண்டியில் ஊற்றும் உறைதடுப்பு திரவம் ஒரு சொட்டுச் சிந்தினாலும் கழுவிவிடுகிறார். தித்திப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும். நடை இரண்டு வேளை, வெயில் இருக்கும்போது மட்டும். சங்கிலியின் முனை இப்போது அவர் இடுப்புப் பட்டையில்.

"ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கலாம்னு தோணலையா?" என்று கேட்டேன்.

"தோணும்" என்றார் மனைவி. "அங்க மாமனார் போன பிறகு அதைப் பார்த்துக்க ஆளில்ல சார். கூட்டிட்டு வந்தாச்சு. இனி அதோட குளிரு நம்ம பொறுப்பு."

மருத்துவர் சொன்ன காது விஷயத்தைக் கிழவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவரிடம் போய் இதைச் சொல்வதா என்று பொறியாளர் பத்து மாதமாகத் தயங்கியிருக்கிறார். அன்று தேநீர் குடிக்கும்போது, விஷயம் தெரியாமல் நான் அதைச் சொல்லிவிட்டேன். அறை ஒரு கணம் அமைதியானது.

கிழவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். செவலையை அழைத்து, அதன் குறைந்த காதை விரல்களுக்கிடையே பிடித்துப் பார்த்தார். எங்கள் அப்பா இப்படித்தான் தேய்ப்பார் என்றார். வெந்நீர் எவ்வளவு சூடு என்று கேட்டார். முழங்கை தாங்கும் சூடு என்று பொறியாளர் சொன்னார். துணி கம்பளியா பருத்தியா என்று கேட்டார். பருத்தி. எவ்வளவு நேரம்? காது நிறம் திரும்பும் வரை.

"மகனிடம் சொல்கிறேன்" என்றார். "நாளைக்குக் காங்ரா இறங்குகிறான்."

வெளியே பனி தூற ஆரம்பித்திருந்தது. கறுப்பு நாய் வாசலுக்குப் போய் முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தது. செவலை எழுந்திருக்கவேயில்லை. கிழவரின் சோளாவின் ஓரத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தது.